ஐரிஷ் பப் பில்: 57.60 டாலர் 97.60 ஆகிவிட்டது, ஆலோசனை தேவை

சிகாகோவின் மேற்குப் புறநகரான நேப்பர்வில்லில் வசிக்கிறேன். மார்ச் 17, புனித பேட்ரிக் நாளன்று இரவு, இங்குள்ள ஒரு சங்கிலித்தொடர் ஐரிஷ் பப்பில் நண்பருடன் சாப்பிட்டதற்கு என் கிரெடிட் கார்டில் 40 டாலர் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டு கின்னஸ் பீர், ஒரு மீன் வறுவல், ஒரு ஷெப்பர்ட்ஸ் பை என வரியுடன் பில் 48.60 டாலர். அவ்வளவு நெரிசலிலும் கின்னஸை முக்கால் குவளை ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, பொறுமையாக நிரப்பித் தந்தார்கள். அந்தப் பொறுமை கணக்குப் போடுவதில் இல்லை. டிப்ஸ் 9.00, மொத்தம் 57.60 என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். மார்ச் 20 அன்று கணக்கில் ஏறியதோ 97.60. நான் எழுதும் 5-இன் மேல்கோடு வளைந்து 9 போலத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பில் தொகையையும் டிப்ஸையும் கூட்டிப் பார்த்திருந்தாலே தவறு புலப்பட்டிருக்கும்.

நேரில் சென்றபோது மேலாளர் தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார். அங்கே மின்னஞ்சல் அனுப்பினால், கிளையிடமே பேசும்படி பதில் வந்தது. கையெழுத்திட்ட சீட்டைக் காட்டவும் மறுக்கிறார்கள். வங்கியில் தொலைபேசியில் முறையிட்டேன், ஆதாரம் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது அதே தொகைகளை நான் எழுதிவைத்த, கையெழுத்தில்லாத வாடிக்கையாளர் பிரதி மட்டுமே. கணக்கு அறிக்கை வந்த 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்பதால் அவகாசமும் குறைவு.

இதுபோன்ற தகராறில் கையெழுத்தில்லாத பிரதியை மட்டும் அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் இங்கே யாரேனும் இருக்கிறீர்களா?