பினாங்கின் பழைய நகரைச் சிறுபிள்ளைகளோடு நடந்து பார்க்கலாமா?

கேள்வி (திருகோணமலை, உவர்மலையிலிருந்து)

வணக்கம். வரும் ஓகஸ்ட் விடுமுறையில் ஆறு வயது மகனுடனும் இரண்டு வயது மகளுடனும் ஐந்து நாட்கள் மலேசியாவின் பினாங்கில் தங்க இருக்கிறோம். அதன் தலைநகரான ஜோர்ஜ் டவுனின் பழைய தெருக்களை நடந்தே பார்க்க வேண்டும் என்பது எனது நீண்ட நாள் ஆசை. ஆனால் எங்கள் பிள்ளைகள் மாலையானால் டச்பே மணலில் ஓடி, பிரடெரிக் கோட்டைக்குள் மான்களின் பின்னால் திரிந்து பழகியவர்கள். கட்டடங்களை மட்டும் காட்டினால் அரை மணித்தியாலத்தில் அழத் தொடங்கிவிடுவார்கள். தள்ளுவண்டி கொண்டு போகலாமா? இடையில் அவர்கள் விளையாட இடம் உண்டா?

மறுமொழி 1 (உப்புவெளியிலிருந்து)

நாங்கள் கடந்த ஆண்டு மூன்று வயது மகளுடன் போய் வந்தோம். தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கடைகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை தொடர்ந்து செல்கிறது; அங்குள்ள தமிழர் அதை ‘அஞ்சடி’ என்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அதைப் போல் நல்ல ஒதுக்கிடம் இல்லை. ஆயினும் கடைக்குக் கடை தரையின் உயரம் மாறுவதாலும், நடுவே மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவைப்பதாலும் பத்தடிக்கு ஒருமுறை வண்டியைத் தூக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் முதல் மகளை இடுப்பில் சுமந்தே நடந்தோம், அதுவே எளிதாக இருந்தது.

ஆர்மேனியன் தெருவில் ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012 இல் வரைந்த, சைக்கிளில் போகும் இரு பிள்ளைகளின் சுவரோவியத்தை உங்கள் மகன் விரும்புவான். பிள்ளைகள் மட்டுமே ஓவியம், சைக்கிள் உண்மையானது. காலை எட்டு மணிக்கு முன் போனால் வரிசையில் நிற்காமல் தொட்டுப் பார்க்கலாம். எங்கள் மகள் அதன் மணியைத் தேடித் தேடி, இல்லையென்று தெரிந்ததும் தானே ‘கிணிங் கிணிங்’ என்று ஒலி எழுப்பினாள்.

மறுமொழி 2 (மூதூரில் பிறந்து, பினாங்குத் தீவின் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் வசிப்பவர்)

ஒரு நாளைக்கு ஒரு மூலை போதும் என்பது எனது உறுதியான கருத்து. 2008 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த நகரம் என்பதற்காக எல்லாத் தெருக்களையும் பிள்ளைகளின் காலில் அளக்க வேண்டியதில்லை.

கடலோரத்து எஸ்பிளனேட் திடலில் தொடங்குங்கள். திறந்த புல்வெளியும் கடற்காற்றும் உண்டு. பிள்ளைகள் ஓடிக் களைத்த பின் அருகிலேயே கோர்ன்வாலிஸ் கோட்டை. 1786 இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபோது மரக்கட்டைகளால் அமைத்து, பின்னர் செங்கல்லால் கட்டிய கோட்டை அது. அங்குள்ள ஸ்ரீ ரம்பாய் பீரங்கி 1603 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒல்லாந்தர் பீரங்கி. நம் ஊர்க் கோட்டையையும் ஒல்லாந்தர் ஆண்டார்கள் என்று சொன்னால் மகனுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

சீனக் குலத்தவர் கடல்மேல் தூண் நட்டு வாழும் சியூ இறங்குதுறைக்கும் போகலாம். பலகை இடுக்குகளினூடாகக் கீழே நீர் அசைவதைக் குழந்தைகள் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஓரங்களில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. சின்னவளின் கையை விடவேண்டாம். அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் குரலையும் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஒரு காலையைத் தாவரவியல் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். அங்கு குரங்குகள் இருப்பதால் தின்பண்டத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தள்ளுவண்டியைக் கைவிட்டோம். மதிய வேளையில் பிள்ளைகளை எங்கே வைத்திருப்பது?

மறுமொழி 2

அறையில் உறங்க விடுங்கள். 1833 இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் நண்பகலில் நடை சாத்திவிடும். மாலையில் அங்கு போய்விட்டு லிட்டில் இந்தியாவில் இடியப்பமோ தோசையோ கொடுக்கலாம், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஒரு நாள் பட்டர்வொர்த்துக்குப் பயணிகள் படகில் (ferry) வந்து திரும்புங்கள். மூதூர்ப் படகில் போய்ப் பழகிய பிள்ளைகளானாலும் யன்னலோரத்துக்குச் சண்டை பிடிப்பார்கள்.