டெலிரிஹாபிலிடேஷன்: குழந்தைங்களுக்கு "மறுவாழ்வு" பொருந்தல, வேற சொல் பாக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்.

டெலிரிஹாபிலிடேஷன், அதாவது தூரத்துல இருக்கிற தெரபிஸ்ட் வீடியோ கால் மாதிரி வழியில வீட்டுல இருக்கிறவங்களுக்குப் பயிற்சி சொல்லிக்குடுக்கிறது, அதுக்குத் தமிழ்ல "தொலை மறுவாழ்வு"ன்னே வெச்சு விக்சனரிங்கிற இணைய அகராதியில ஏத்திடலாம்னு நம்ம சொல்லாக்கக் குழுவுல நேத்து மெயில் பாத்தேன். ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு அம்மாவா நான் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க. என் பையனுக்கு இப்ப பத்து வயசு, பெருமூளை வாதம், வலது கையும் வலது காலும் இறுக்கமா இருக்கும். நாம பேர் தேடிட்டிருக்கிற இந்த விஷயம் 2020ல இருந்து எங்க வீட்டு அடுப்படியிலயும் பாத்ரூம் வாசல்லயும் நடந்துட்டிருக்கு, அதனால மெயில் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல மறுவாழ்வு. பையனுக்கு ரெண்டு வயசுல மதுரையில ஒரு சென்டருக்கு மொத தடவ கூட்டிட்டுப் போனேன். மாட்டுத்தாவணியில எறங்கி ஆட்டோக்காரர்கிட்ட, சீட்டுல எழுதியிருந்தபடி மறுவாழ்வு மையம்னு சொன்னேன். அவர் என்னையும் பாத்து இடுப்புல இருந்த பிள்ளையையும் பாத்துட்டு குரல தாழ்த்தி "வீட்டுக்காரருக்காக்கா?"ன்னு கேட்டார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. பஸ் ஸ்டாண்டு செவுரு பூரா ஒட்டியிருக்கிறது குடிபோதை மறுவாழ்வு மையம் நோட்டீஸ்தான, அவர் மேல தப்பில்ல. அகதிகள் முகாம்ங்கிற பேரையும் 2021ல இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க, அங்கயும் இதே சொல்லு. யாழ்ப்பாணத்துல இருந்து எழுதுற அண்ணா சொன்னது இன்னும் கனமா இருந்துச்சு, அவங்க பக்கம் புனர்வாழ்வுன்னா 2009க்கு அப்புறம் சரணடைஞ்ச பிள்ளைங்கள வெச்சிருந்த முகாம்தான் ஞாபகம் வரும்னு. ஏற்கெனவே இத்தன பாரம் சுமக்குற சொல்லு மேல ஸ்பூன் பிடிக்கக் கத்துக்கிற நாலு வயசுப் பிள்ளையையும் ஏத்தணுமா?

அதைவிடப் பெரிய குறை அந்த "மறு"ல இருக்கு. ஸ்ட்ரோக் வந்த தாத்தா நேத்து வரைக்கும் சட்டைக்குப் பட்டன் போட்டவர், இன்னிக்கு முடியல, திரும்பப் போட வைக்கிறோம், அது மறு, சரி. என் பையன் பட்டன் போட்டதே இல்ல. அவனுக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு பழைய வாழ்க்கை கிடையாது, எல்லாமே முதல் தடவைதான். இங்கிலீஷ்லயே இதுக்கு ரெண்டு சொல்லு வெச்சிருக்காங்க, ஹாபிலிடேஷன்னா புதுசா வரவைக்கிறது, ரிஹாபிலிடேஷன்னா போனத மீட்கிறது. மாற்றுத்திறனாளிகளோட உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில 26ஆவது பிரிவோட தலைப்புலயே ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, இந்தியா அதுல 2007லயே இணைஞ்சாச்சு. நாமதான் ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டி மறுவாழ்வுன்னு போட்டுட்டோம்.

சரி, நிஜமா நடக்கிறது என்னன்னு சொல்றேன், சொல்லு அதுல இருந்துதான் வரணும். 2020 மார்ச்சுல லாக்டவுன் போட்டதும் சென்டர பூட்டிட்டாங்க. டாக்டருங்களுக்கான டெலிமெடிசின் வழிகாட்டுதல் அந்த மார்ச் 25ஆம் தேதியே வந்துச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சுப் படிச்சேன், எங்க ஓ.டி. மேடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளச் செய்யச் சொல்லிக்குடுக்கிறவங்க) அதெல்லாம் பேசல, "அக்கா, அவன் சாப்பிடுற நேரத்துக்கு வீடியோ கால் போடவா"ன்னு மட்டும் கேட்டாங்க. ஃபோன தண்ணிச் சொம்புல சாய்ச்சு தரையில வெச்சேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா சென்டர்ல நாற்காலியில உக்கார வெச்சு மரக்குச்சிய ஓட்டையில சொருக வைப்பாங்க, நல்லாவே செய்வான், வீட்டுக்கு வந்தா ஒரு வாய் சோறு எடுக்க மாட்டான், நான் பிடிவாதம்னு நெனச்சு திட்டியிருக்கேன், அடிச்சும் இருக்கேன். அன்னிக்கு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு மேடம் சொன்னது கையப் பத்தியே இல்ல. "அக்கா, அவன் செவுத்துல சாஞ்சு சறுக்கிட்டே இருக்கான், விழாம இருக்கிறதுக்கே அவனுக்கு ரெண்டு கையும் சரியாப் போயிடுது." பழைய போர்வைய மடிச்சு பின்பக்கத்துக்கு அடியில குடுக்கச் சொன்னாங்க, தட்ட மனைப்பலகை மேல வெச்சு, நகராம இருக்க கீழ ஈரத்துண்டு. அவ்வளவுதான். நாங்க தரையில உக்காந்து சாப்பிடுறவங்கன்னு ரெண்டு வருஷத்துல யாரும் கேக்கல, நானும் சொல்லல, அந்த ஃபோன்தான் காட்டிக்குடுத்துச்சு.

இன்னொண்ணு, அவனுக்கு நல்லா வர்றது இடது கை. அன்னிக்கே அதுல இட்லிய எடுத்தான், என் மாமியார் ஃபோனுக்குள்ள கேக்குற மாதிரியே "பீச்சாங்கையில சோறா"ன்னாங்க. எனக்கு மூஞ்சியே செத்துப்போச்சு. மேடம் கோவிச்சுக்கல, "பாட்டி, வலது கை தட்டோட விளிம்பப் பிடிச்சுக்கட்டும், பிடிச்சுக்கிறதும் வேலைதான, ரெண்டு கையும் சேந்து சாப்பிடுதுன்னு வெச்சுக்கங்க"ன்னாங்க. கழுவுறதுக்கும் அதே கைதான்ங்கிறதால சோப்பு போட்டுக் கை கழுவுறதையும் அதோட சேத்தே சொல்லிக்குடுத்தாங்க. இப்ப பாட்டியே "தட்டப் பிடிடா"ன்னு சொல்றாங்க. அப்புறம் டீஷர்ட், மடங்காத கை முதல்ல உள்ள போகணும், கழட்டும்போது கடைசியா வெளிய வரணும். ட்ரவுசர் மட்டும் கடைசியில இருந்து ஆரம்பிச்சோம், இடுப்புக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் நான் ஏத்திவிட்டுருவேன், மிச்சத்த அவன் இழுப்பான், அடுத்த வாரம் தொடையில விட்டேன், அப்புறம் முட்டியில. எங்க விட்டாலும் முடிக்கிறது அவனாத்தான் இருக்கணும், அதுல அந்தப் பிள்ளைக்கு வர்ற சிரிப்ப நீங்க பாக்கணும்.

இத மனசுல வெச்சுக்கிட்டு இதுவரைக்கும் வந்த சொல்லுங்கள எல்லாம் வீட்டுல வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன்.

அன்றாடப் பயிற்சி: கேக்குறவங்களுக்கு தினமும் செய்ற எக்சர்சைஸ்னுதான் படும். அன்றாட வேலைக்கான பயிற்சின்னு படாது. டெலி போட்டா இன்னும் மோசம், காலையில டிவியில வர்ற யோகா மாதிரி ஆயிடும்.

தன்செயல் பயிற்சி: எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு, ஆனா தமிழாசிரியர் ஐயா அன்னிக்கே சொல்லிட்டார், தற்கொலை, தற்பெருமை மாதிரி புணர்ச்சிப்படி தற்செயல்னு ஆயிடும், அப்ப ஏதோ எதேச்சையா நடக்கிற பயிற்சின்னு அர்த்தம் வரும்னு. விட்டாச்சு.

அடுத்தது ஐயாவோட சொந்த யோசனை, தன்வினைப் பயிற்சி. ஐயா, இதப் படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். ஸ்கூல்ல படிச்ச தன்வினை பிறவினை எனக்கு இப்பத்தான் உயிரோட வந்துச்சு. ஊட்டுறது பிறவினை, உண்றது தன்வினை. குளிப்பாட்டுறது, குளிக்கிறது. நடத்துறது, நடக்கிறது. நான் பத்து வருஷமா என் பையனுக்குச் செஞ்சது பூரா பிறவினை, ஒவ்வொண்ணா தன்வினையா மாத்துறதுதான் அந்த மேடம் செய்ற வேலை, இத இதைவிட அழகா யாரும் சொல்ல முடியாது. ஆனா ஐயா, இந்தச் சொல்ல நான் வீட்டுல சொல்ல முடியாது. பெருமூளை வாதப் பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு பஸ்ல ஏறுற எந்த அம்மாகிட்டயும் கேளுங்க, பக்கத்து சீட்டுல இருந்து "என்ன முன்வினையோ"ன்னு ஒரு பெருமூச்சு கேக்காத நாள் உண்டான்னு. தன்வினை தன்னைச் சுடும்னு எங்க சொந்தத்துலயே என் காதுபடச் சொல்லியிருக்காங்க. இலக்கணத்துல அது எவ்வளவு சுத்தமான சொல்லா இருந்தாலும் அந்தப் பிள்ளைங்க பேருக்குப் பக்கத்துல "வினை"ன்னு ஒரு எழுத்து வரக்கூடாது, இத நான் கெஞ்சியே கேட்டுக்கிறேன்.

தம்பி ஒருத்தர் பழக்கல்னு சொன்னார், அதுக்கு இன்னொருத்தங்க யானையத்தான் பழக்குவாங்க, வண்டிமாட்டத்தான் பழக்குவாங்கன்னு மறுத்துட்டாங்க. மறுத்தது சரி, ஆனா தம்பி கை வெச்ச எடமும் சரின்னு எனக்குத் தோணுது. பழக்கு வேணாம், பழகு வெச்சுக்கலாம். பழக்குன்னா செய்றது இன்னொருத்தர், பழகுன்னா செய்றது அந்தப் பிள்ளை. செஞ்சு செஞ்சு கத்துக்கிறதுக்கு அரசாங்கத் தமிழ்லயே இது இருக்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எல்.எல்.ஆருக்கு பழகுநர் உரிமம்னுதான போட்டிருக்கு, யாருக்கும் அகராதி தேவைப்படல. கைப்பழக்கம்னு ஊர்ல சாதாரணமாச் சொல்றோம்.

அதோட "துணை" சேருங்க. பழகுதுணை. வினைத்தொகைங்கிறதால காலம் உள்ள மறைஞ்சிருக்கும், பழகின, பழகுற, பழகப்போற எல்லாம் அதுக்குள்ளயே அடங்கும், அதனால முதல் தடவையா கத்துக்கிற என் பையனுக்கும் பொருந்தும், விட்டத மறுபடி பிடிக்கிற தாத்தாவுக்கும் பொருந்தும். ஹாபிலிடேஷனா ரிஹாபிலிடேஷனாங்கிற சண்டையே வேணாம்.

பயிற்சின்னு போடாம துணைன்னு போடுறதுக்கும் காரணம் இருக்கு. தூரத்துல இருந்து பாக்குறவங்க பிள்ளையத் தொட முடியாது, தொடுற கை என் கைதான், இல்லன்னா பாட்டி கை. மேடம் அதிகமாச் சொன்ன வார்த்தையே "அக்கா, கைய எடுங்க, பொறுங்க, அவன் யோசிக்கட்டும்"ங்கிறதுதான், ஆக பாதி நேரம் பழகினது நான். தென்காசி பக்கம் ஆய்க்குடியில 1981ல எஸ். ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழ செயலிழந்த நிலைமையில, ஆரம்பிச்ச அமர் சேவா சங்கத்துல எனேபிளிங் இன்க்ளூஷன்னு ஒரு செயலி வெச்சிருக்காங்க, அந்தந்த ஊர்க் களப்பணியாளர் வீட்டுக்கே வந்து பிள்ளையோட வேலை பாக்க, நிபுணர் வேற எடத்துல இருந்து அது வழியாப் பாத்துச் சொல்றாங்க. அங்கயும் துணைதான் நடக்குது, தூரத்துல ஒருத்தர், பக்கத்துல ஒருத்தர், நடுவுல பிள்ளை. கனடாவுல உருவாக்கின சி.ஓ.பி.எம்.னு ஒரு அளவீடு எங்க மேடம் வெச்சிருந்தாங்க, அதுல மொத கேள்வியே உங்களுக்கு எந்த வேலை முக்கியம், பத்துக்கு எத்தன மார்க் குடுப்பீங்கங்கிறதுதான். நான் சாப்பாடுன்னேன், பையன் ஷூ பெல்ட்டுன்னான், ஸ்கூல்ல அவனுக்கு வேற பசங்க குனிஞ்சு மாட்டிவிடுறது பிடிக்கலையாம். எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கடைசியா தொலை. சேய்மைன்னு ஒருத்தங்க சொன்னாங்க, சேய்ங்கிறதுல குழந்தையும் இருக்கு தூரமும் இருக்குன்னு, கேக்க நல்லாருக்கு, ஆனா யார் வாயிலயும் இல்லாத சொல்லு. தொலைன்னே இருக்கட்டும், தொலைக்காட்சி தொலைபேசின்னு பழகியாச்சு. ஆனா நேரா ஒட்டாதீங்க, தொலைத்துணைன்னு எழுதினா "தொலைத்து"ன்னு கண்ணு நின்னுடுது. தொலைவழிப் பழகுதுணைன்னு வெச்சா அந்தச் சிக்கல் இல்ல. வீட்டுல பேசும்போது பழகுதுணை மட்டும் போதும்.

———

மறுமொழி:

அன்புள்ள அம்மா, தன்வினையைத் திரும்பப் பெறுகிறேன். நாற்பது ஆண்டுகளாக வகுப்பில் கரும்பலகையில் எழுதிய சொல், அது ஒரு தாயின் காதில் எப்படி விழும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மன்னிக்கவும்.

பழகுதுணை இலக்கணப்படி சரி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஊறுகாய், சுடுசோறு போல. ஆகவே பழகுத்துணை என்று யாராவது திருத்த வந்தால் விட வேண்டாம். ஒரு ஐயம்: துணை என்றால் ஆளையும் குறிக்கும், செயலையும் குறிக்கும். அந்தப் பெண்மணியையும் பழகுதுணை என்பதா, அவர் செய்வதையும் பழகுதுணை என்பதா?

———

மறுமொழி:

ஐயா, மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை, நீங்க அந்த ஊட்டுறது உண்றதச் சொல்லாம இருந்தா நான் பழகு பக்கமே வந்திருக்க மாட்டேன்.

உங்க கேள்விய என் பையன்கிட்டயே கேட்டேன். "ஃபோன்ல வர்றவங்க பழகுதுணை அக்கா"ன்னான். அப்ப ஆளுக்கு பழகுதுணையர்னு வெச்சுக்கலாமா, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவா இருக்கும். ஓ.டி.க்கு தொழில்வழி மருத்துவம்னு எழுதுறத மாத்துறது தனிப் பேச்சு, அத இதுல இழுக்க வேணாம், நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன தொழில்னு கேக்குற அம்மாக்கள் நெறைய இருக்காங்க, தனி இழையா யாராவது ஆரம்பிங்க, நான் வர்றேன்.

விக்சனரிக்கு இப்படிப் போட்டுருக்கேன், திருத்துங்க:

தொலைவழிப் பழகுதுணை, பெயர்ச்சொல். உடற்குறைபாடுள்ள பிள்ளைகள் உண்ணல், உடுத்தல், குளித்தல் முதலான அன்றாட வேலைகளைத் தம் வீட்டிலேயே செய்து பழக, தொலைவிலிருக்கும் வல்லுநர் காணொளி அழைப்பு, செயலி போன்றவற்றின் வழியாகப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் அளிக்கும் துணை. எடுத்துக்காட்டு: மூன்று மாதப் பழகுதுணைக்குப் பிறகு அவன் தன் ஷூ பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டான்.