கடன் வாங்கிக் கழித்தல்: மேல் எண்ணில் சுழியம் வந்தால் மட்டும் விடை தவறுகிறது

கேள்வி:
வணக்கம். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகன் 852 − 367 போன்ற கணக்குகளைக் கடன் வாங்கிக் கழித்து, 485 என்று பிழையின்றி எழுதிவிடுகிறான். மேல் எண்ணில் சுழியம் வந்துவிட்டால் மட்டும் தடுமாறுகிறான். 702 − 345 என்பதற்கு 457 என்றும், 5003 − 1647 என்பதற்கு 4356 என்றும் எழுதியிருக்கிறான். கவனக்குறைவு என்று கண்டித்தும் பயனில்லை. வாய்ப்பாடு நன்றாக வரும் பிள்ளைக்கு இதில் மட்டும் என்ன சிக்கல்?

மறுமொழி (தொடக்கப்பள்ளி ஆசிரியர்):
வணக்கம் அம்மா. சரியான விடைகள் 357, 3356. மகனின் விடை முதல் கணக்கில் சரியாக 100, இரண்டாவதில் சரியாக 1000 கூடுதலாக இருக்கிறது; கவனக்குறைவால் வரும் பிழை இவ்வளவு ஒழுங்காக வராது. சுழியத்தை அடித்து 9 என்று எழுதத் தெரிந்த பிள்ளை, அந்த 9 எங்கிருந்து வந்தது என்று அறியாததால், இடப்பக்கத்து 7-ஐயும் 5-ஐயும் குறைக்காமல் விட்டுவிடுகிறான். கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பல, தவறான ஒரு விதியை அவர்கள் தவறாமல் பின்பற்றுவதால் வருபவை என்று ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் யாரேனும் கணக்குச் சொல்லித் தருகிறார்களா?

கேட்டவர்:
ஆம் ஐயா, மாலையில் என் மாமனார் சொல்லித் தருகிறார். அவர் மேல் எண்ணில் எதையும் அடிப்பதில்லை; "மேலே பத்து, கீழே ஒன்று" என்று சொல்லிக் கீழ் எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார். அது தவறான முறையா?

மறுமொழி (ஆசிரியர்):
தவறே இல்லை. இரண்டு எண்களுடனும் ஒரே அளவைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது என்பதே அதன் அடிப்படை; மேலே கூட்டும் பத்து ஒன்றுகளும், கீழே அடுத்த இடத்தில் கூட்டும் ஒரு பத்தும் சமம்தானே. 5003 − 1647-ஐ அவர் முறையில் பாருங்கள்: 13-இல் 7 போனால் 6; கீழே உள்ள 4 ஐந்தாகிறது, 10-இல் 5 போனால் 5; 6 ஏழாகிறது, 10-இல் 7 போனால் 3; 1 இரண்டாகிறது, 5-இல் 2 போனால் 3. விடை அதே 3356. பள்ளியில் கற்பிக்கும் இனமாற்ற முறையிலோ (ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்றிக்கொள்வது போன்றது) மேல் எண்ணின் இடப்பக்கத்து இலக்கம்தான் குறையும். உங்கள் மகன் பள்ளி முறையிலிருந்து 9-ஐயும், தாத்தா முறையிலிருந்து அடிபடாத 5-ஐயும் எடுத்துக்கொள்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிறிது காலம் பள்ளி முறையிலேயே நிற்கட்டும். மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மறுமொழி (மற்றொரு பெற்றோர்):
702-க்கு ஏழு நூறு ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் மகனிடம் கொடுத்து, 345 ரூபாய் தரச் சொல்லுங்கள். ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்றி, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கினால்தான் அவனால் ஐந்து ரூபாய் தர முடியும். அப்போது கையில் ஆறு நூறும் ஒன்பது பத்தும் நிற்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடுவான். 5003-க்கு மட்டும் காகிதத் துண்டுகள்தான் வேண்டும். ஆயிரம் ரூபாய்த் தாள் 2016-லேயே செல்லாமல் போய்விட்டதே!

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 702 இப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் 3040 − 1276 என்ற கணக்கில் இரண்டு சுழியங்களையுமே 9 ஆக்கிவிடுகிறான். இதை எப்படி விளக்குவது?

மறுமொழி (ஆசிரியர்):
ஒன்றுகளின் இடத்தில் உள்ள சுழியம் கடன் வாங்க மட்டுமே செய்கிறது, எவருக்கும் கொடுப்பதில்லை. ஆகவே அது 10 ஆகும், 9 ஆகாது. பக்கத்து 4 மூன்றாகிறது. 10-இல் 6 போனால் 4. பத்துகளில் 3-இலிருந்து 7 போகாது. இங்கே இடப்பக்கத்து 30-ஐ முப்பது நூறுகள் என்று சேர்த்தே படிக்கச் சொல்லுங்கள். அதில் ஒன்று போனால் 29 என்பது அவனுக்கு உடனே வரும். 13-இல் 7 போனால் 6, 29-இல் 12 போனால் 17, விடை 1764. அதனுடன் 1276-ஐக் கூட்டி 3040 வருகிறதா என்று அவனையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.