அழகாக எழுதிய மாணவிக்கு வாசிக்கத் தெரியவில்லை: ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

தொடக்கப் பள்ளி ஆசிரியை, ஈராசிரியர் பள்ளி

வணக்கம். முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியை நான். பல ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கரும்பலகையில் நான் எழுதிப்போடுவதை வரி பிறழாமல், மணிமணியான எழுத்தில் ஏட்டில் எழுதிவிடுவாள். பார்வையிட வருபவர்களிடம் நான் முதலில் எடுத்து நீட்டுவது அவளுடைய ஏட்டைத்தான். ஒருநாள் அவள் எழுதிய பக்கத்தையே அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது பேசாமல் நின்றாள். 'கொக்கு' என்ற சொல்லின் மேல் விரல் வைத்துக் கேட்டேன். 'கெ' என்றாள். பின்னர் அருகிலிருந்த துணைக்காலைக் காட்டி, "இது கால், டீச்சர்" என்றாள். மூன்று ஆண்டுகளாக அவள் எழுத்துகளைப் படமாகவே வரைந்திருக்கிறாள். அந்த மூன்று ஆண்டுகளும் அவளுக்குக் கற்பித்தவள் நான்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல் ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அமர்த்தி வாசிக்கக் கேட்டேன். க, கா, கி, கீ என்று வரிசையாகப் பாட்டுப்போல் சொன்னவர்களில் பலர், வரிசையைக் கலைத்து 'கூ' எங்கே, 'கை' எங்கே என்று கேட்டதும் திகைத்தார்கள். மெய்க்கு முன்னே வரும் ஒற்றைக்கொம்பிலும் இரட்டைக்கொம்பிலும் பெரும்பாலோர் இடறினார்கள் என்பதும், மெய்யின் இருபுறமும் குறி வரும் ஒகர, ஓகார எழுத்துகள் அவர்களுக்கு ஏறத்தாழப் புரியவே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. கண் முதலில் காண்பது கொம்பை. வாய் முதலில் ஒலிக்க வேண்டியதோ மெய்யை. இந்த முரண் ஏழு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தடை என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அதன்பின் ககர வரிசை முழுவதையும் முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போவதை நிறுத்தினேன். ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, படம், பட்டம், மடம் என்று உடனே சொல்லாக்கினேன். பிறகு ஒரே கொம்பைப் பல மெய்களோடு சேர்த்து பெட்டி, செடி, நெல், மெழுகு என்று பழக்கினேன். மூன்று வகுப்புக்கும் சேர்த்து 22 பிள்ளைகள். நாளொன்றுக்கு ஐந்து பேர் வீதம் கேட்டால் ஒரு வாரத்தில் எல்லோரையும் கேட்டுவிடலாம். ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடங்கள் போதும். அதுவரை மற்றவர்கள் புளியங்கொட்டைகளை அடுக்கி எழுத்துகளை அமைப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நின்றது என்பதை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பேன். மறுநாள் பாடத்தை அந்தக் குறிப்பேடே முடிவு செய்தது. அரையாண்டு விடுமுறைக்கு முன் அந்த மாணவி ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறி வாசித்து முடித்தாள். அவளுடைய கையெழுத்து சற்றுக் கோணலாகியிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆசிரியர் பயிற்றுநர், வட்டார வள மையம்

அம்மா, தங்கள் பதிவைப் படித்ததும் என் பிழை ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவான முறையை அடியொற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் பாயில் குழுவாக அமர்ந்ததும், அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகைகள் வந்ததும், ஒவ்வொருவரும் தம் வேகத்தில் செயல்பாட்டு அட்டைகளை எடுத்து, கற்றல் படிநிலைகளைக் காட்டும் ஏணிப்படியில் ஏறியதும் உண்மையிலேயே பெரிய மாற்றங்கள். ஆனால் பள்ளிப் பார்வைக்குச் சென்ற நான், அட்டைகள் வரிசையாக உள்ளனவா, பதிவேடு நிரம்பியுள்ளதா என்பதையே பார்த்தேன். ஒருமுறை, ஓர் அட்டையை முடித்துவிட்டதாகச் சொன்ன சிறுவனின் அருகில் அமர்ந்து வாசிக்கச் சொன்னேன். அட்டையில் 'பசு' என்று எழுதியிருந்தது. அவன் தயங்காமல் "மாடு" என்றான். அவன் வாசித்தது படத்தை.

அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்க 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறோம். வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது சரியான வழி என்றே நம்புகிறேன். எனினும், ஜூனில் அரும்பில் வைத்த பிள்ளையை யாரும் மீண்டும் அமர்த்திக் கேட்காவிட்டால், அந்தப் பிள்ளை முன்னேறிய பின்னும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும். இப்போது பள்ளிக்குச் சென்றால் பதிவேட்டைத் திறக்குமுன் மூன்று பிள்ளைகளை வாசிக்கக் கேட்கிறேன்.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இரண்டாம் வகுப்பில் இருந்த ஒரு சிறுவன், 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது நான்காம் வகுப்பில் இருந்தான். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் மாலை வகுப்புக்காக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தவன் புத்தகத்தைத் திறக்கவே மறுத்தான். தன்னைவிடச் சிறியவர்கள் வாசிப்பதைக் கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வரும் வழியில் உள்ள பெயர்ப்பலகைகளில் தினம் ஒரு சொல்லைப் படித்து வந்து சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். ஊருக்கு வரும் பேருந்தின் பலகையில் தொடங்கினான். இரண்டு மாதங்களில் மருந்துக்கடைப் பலகை முழுவதையும் வாசித்து வந்து சொன்னான்.

கணக்கில்தான் எனக்கு வழி தெரியவில்லை. 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பலரும் 35 என்று எழுதுகிறார்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பதாக நினைத்து, ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். ஆசிரியை அவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை

சகோதரி, எழுதுவதைச் சில நாள்கள் நிறுத்திவிடுங்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நான்கு கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் பிள்ளையின் கையில் கொடுத்து, "எனக்குப் பதினேழு குச்சி கொடு" என்று கேளுங்கள். முதலில் ஒரு கட்டைத் தருவான், பிறகு இரண்டு உதிரிகளையும் தருவான், அதன்பின் நின்றுவிடுவான். அப்போது எதுவும் சொல்லாதீர்கள். கட்டின் நூலை அவனே அவிழ்க்கும்வரை காத்திருங்கள்.