ஆபீஸ் மேசை, நாற்காலி, பீரோ: தேவைப்படும் இல்லங்கள் தெரிந்தால் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் அலுவலகத்தை இந்த மாதக் கடைசியில் சின்ன இடத்துக்கு மாற்றுகிறோம். 14 மர மேசை, 22 சுழல் நாற்காலி, 4 இரும்பு பீரோ, 2 ஃபைல் ரேக் மிஞ்சுகின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் பீரோக்கள் எல்லாம் இன்னும் பல வருஷம் தாராளமாக உழைக்கும். எடைக்குப் போட மனசே வரவில்லை.

சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், இலவச டியூஷன் மையம் எதற்காவது இவை தேவைப்படுமா? நீங்கள் நேரில் போய்ப் பார்த்த இடமாக இருந்தால் ரொம்ப நல்லது. சுழல் நாற்காலியை மட்டும் முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. டைல்ஸ் தரையில் உட்காரப் போகும்போது சக்கரம் நகர்ந்துவிட்டால் பெரியவர்கள் விழுந்துவிடுவார்கள். அவை கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும் இடத்துக்குத்தான் சரி. ஐந்தாறு நாற்காலியில் உயரம் ஏற்றி இறக்கும் லீவர் வேலை செய்யாது, உட்கார ஒன்றும் பழுதில்லை.

அரசுப் பள்ளிகளுக்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. அதன் வழியாகப் பழைய பொருள் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் விவரம் சொல்லுங்கள்.

வண்டி வாடகை எங்கள் பொறுப்பு, குட்டி யானை பிடித்து அனுப்பிவிடுவோம். இறக்கி வைக்க அங்கே இரண்டு ஆள் இருந்தால் போதும். பொருளாகக் கொடுப்பதற்கு 80ஜி (நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை) கிடையாது, அதனால் அந்த ரசீதும் வேண்டாம். பெற்றுக்கொண்டதாக லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுத்தால் எங்கள் கணக்குப் பிரிவுக்குப் போதும்.

25ஆம் தேதிக்குள் இல்லத்தின் பெயரையும் பொறுப்பாளரின் எண்ணையும் இன்பாக்ஸில் அனுப்புங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.