குறும்பு: கோட்டையிலிருந்து குழந்தைக்கு வந்தது எப்படி?

‘குறும்பு’ங்கிற ஒரு சொல்லோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், யாராவது கைகொடுங்க. தூங்குற தாத்தா மூக்குல துணித்திரியை விடுற பேரனைத்தான் இன்னைக்குக் குறும்பன்னு சொல்றோம். ஆனா குறள் 735-ல வர்றது ‘வேந்தலைக்கும் கொல்குறும்பு’. அரசனையே அலைக்கழிக்கிற கொலைகாரக் கூட்டம்! புறநானூறு 21-ல இதே சொல் கானப்பேரெயில்ங்கிற கோட்டையைச் சூழ்ந்த அரண்.

தமிழ் லெக்சிகன் அகராதியைப் புரட்டியாச்சு. அரண், குறுநில மன்னர், சேட்டை எல்லாம் ஒரே சொல்லுக்குக் கீழ வரிசையா நிக்குது. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு எப்படித் தாவுச்சுன்னு ஒரு வரி இல்ல. தமிழாசிரியர் நண்பரைக் கேட்டா, “‘குறு’ங்கிற அடிச்சொல்தான்”னு முடிச்சுட்டார். (‘சேட்டை’யில தலைவலியே இல்ல, அது வடமொழி சேஷ்டை.)

பிள்ளைகள் பண்ற சேட்டைங்கிற பொருள்ல ‘குறும்பு’ வர்ற மிகப் பழைய பாட்டோ உரையோ எது?