கார்த்தி வண்டிக்கு இரண்டு புகைக்குழாய்

குழு: சங்ககிரி வீடு

புதன்கிழமை, காலை 6:38

கார்த்தி: (படம்)

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை இங்கே ஹூஸ்டனில் என் பிக்கப் வண்டியைப் பட்டறையில் விடுகிறேன். கேபினுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் 6 இஞ்சில் நெட்டுக்குழாய். படத்தில் இருக்கிற மாதிரியே. செல்வராஜ் மாமா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.

அம்மா: என்ன கண்ணு இது, அரிசி ஆலைப் புகைபோக்கி மாதிரி இருக்கிறது

சுமதி அக்கா: ஞாயிற்றுக்கிழமை திவ்யாவுக்கு வளைகாப்பு. சனிக்கிழமை வண்டியைப் பட்டறையில் விடுகிறாயா?

கார்த்தி: சாயங்காலம் தந்துவிடுவார்கள் அக்கா

சுமதி அக்கா: பட்டறைக்காரன் சொல்லும் சாயங்காலம் நமக்குத் தெரியாததா

திவ்யா: வாழைமரம், 6 மேசை, 40 நாற்காலி எல்லாம் அந்த வண்டியில்தான் வர வேண்டும். அத்தை, நீங்களே அவரிடம் கேளுங்கள்.

பெரியப்பா: (படம்: இனிய காலை வணக்கம்)

பெரியப்பா: இன்று பிரதோஷம். மாலையில் அனைவரும் கோயிலுக்குச் செல்லவும்.

செல்வராஜ் மாமா: கார்த்தி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் வண்டி எந்த வருடம் என்று சொல். டிபிஎஃப், அதாவது டீசல் புகையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, இருக்கிறதா? குழாயை அதற்கு முன்னாலிருந்து எடுக்கிறார்களா, பின்னாலிருந்தா? இது தெரியாமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

கார்த்தி: 2016 ராம் 2500 மாமா. 6.7 லிட்டர் கம்மின்ஸ். டிபிஎஃப், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா இரண்டும் உண்டு. டிபிஎஃப்பை எடுத்துவிட்டு நேர்க்குழாயாகப் போட்டால்தான் சத்தம் நன்றாக வரும் என்கிறார் பட்டறைக்காரர். குழாய்க்கும் கூலிக்கும் 1,400 டாலர். டிபிஎஃப் எடுப்பதற்குத் தனிக் காசு.

அம்மா: 1,400 என்றால் நம் பணத்துக்கு?

சுமதி அக்கா: ஒரு லட்சத்துக்கு மேலே அம்மா

அம்மா: ஐயோ சாமி

பிரபு சித்தப்பா: பையன் ஆசைப்படுகிறான், விடுங்கள்

செல்வராஜ் மாமா: செய்யாதே கண்ணு. குழாய் வைப்பது வேறு, டிபிஎஃப்பை வெட்டுவது வேறு. அந்த டப்பாவுக்குள் தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக இருக்கும். புகையில் வரும் கரி அதில் தங்கும். நிறைந்ததும் இன்ஜினே சூட்டை ஏற்றி, தங்கிய கரியை உள்ளேயே எரித்துவிடும். ரீஜென் என்பது அதுதான். நம் ஊரில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபோது லாரிக்கும் இந்த டப்பா வந்தது. நான்கூடத் திட்டினேன். ஒரு சென்சார் போனால் வண்டி இழுக்காது, லோடோடு ரோட்டோரம் நின்றுவிடும். ஆனாலும் பட்டறையில் 31 வருடம் நின்றவன் சொல்கிறேன். அந்தக் காலத்தில் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாகத்தான் வரும். முகம் துடைத்த துண்டெல்லாம் மை. இப்போது பிஎஸ் 6 வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துவிட்டு வரும் பையன்களுக்கு அப்படி இல்லை. நீ இப்போதே கீழே போய், இன்ஜின் ஆறியிருந்தால், சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார். கரி ஒட்டுகிறதா என்று சொல்.

சுமதி அக்கா: மாரிமுத்து அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா?

அம்மா: நேற்றே முடிந்தது. கட்டுப் பிரித்துவிட்டார்கள். மூச்சுதான் இன்னும் வாங்குகிறது.

செல்வராஜ் மாமா: மூச்சு எதனால் வாங்குகிறது என்று நினைக்கிறாய் தங்கச்சி? 40 வருடம் லாரிப் புகை.

பிரபு சித்தப்பா: அவர் பீடியும் குடிப்பார் மச்சான்

செல்வராஜ் மாமா: குடிப்பார். அதற்காக லாரிப் புகைக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

திவ்யா: மாமா சொல்வது சரிதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 இலேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது.

காலை 7:04

கார்த்தி: தடவிப் பார்த்தேன் மாமா. விரலில் ஒன்றும் இல்லை. லேசாகத் தூசி, அவ்வளவுதான். 1,12,000 மைல் ஓடிய வண்டி.

கார்த்தி: (படம்)

செல்வராஜ் மாமா: பார்த்தாயா. அந்த விரல் படத்தைப் பட்டறைக்காரரிடம் காட்டு.

திவ்யா: சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை கிடையாது, அதனால் யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று பட்டறையில் இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சோதனை இல்லாதது உண்மை. ஆனால் இந்த நாட்டின் சுத்தக் காற்றுச் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் பொது. அதன்படி டிபிஎஃப்பைக் கழற்றக் கூடாது. பத்து வருடத்தில் 5,50,000 க்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைத் தடுப்புக் கருவிகளைக் கழற்றியிருக்கிறார்கள் என்று இங்கே சுற்றுச்சூழல் முகமை 2020 இல் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கில் நம் வண்டி சேர வேண்டாம்.

திவ்யா: இன்னொன்று. 2021 செப்டம்பரில் இங்கே வாலர் என்ற ஊர்ப் பக்கம் நடந்தது. 16 வயதுப் பையன் பிக்கப்பில் போய், சைக்கிளில் போனவர்கள் மேல் வேண்டுமென்றே கரும்புகை விட்டான். அதன் பிறகு முன்னால் போன 6 பேர் மேல் வண்டியை ஏற்றிவிட்டான். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். இந்தக் குழாயைப் பார்த்தாலே எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

அம்மா: கடவுளே. பிழைத்தார்களா?

திவ்யா: பிழைத்துவிட்டார்கள் அத்தை. எலும்பு முறிவு.

கார்த்தி: நான் யார் மேலும் புகை விட மாட்டேன் திவ்யா. உனக்கே தெரியும்.

திவ்யா: தெரியும். குழாயைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

சுமதி அக்கா: காரேஜ் கதவு உயரம் அளந்தாச்சா?

திவ்யா: கதவு 7 அடி. அவரைக் கேளுங்கள் அண்ணி.

கார்த்தி: அளக்கிறேன்

செல்வராஜ் மாமா: இப்போது ஓட்டைக்கு வருகிறேன். லோடு பாடியின் முன் மூலை இரண்டிலும் தகட்டை வட்டமாக அறுப்பார்கள். 6 இஞ்சுக் குழாய்க்கு 6 இஞ்சு ஓட்டை போதாது. சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். குழாய் இன்ஜினோடு ஆடும், பாடி சேஸிஸோடு ஆடும், இரண்டும் ஒரே மாதிரி ஆடாது. இடைவெளி இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் தகடு குழாயை இடித்து வெல்டிங் விட்டுப்போகும். நடுவில் பிளெக்சிபிள் பைப் வருகிறதா, குழாயை ரப்பர் புஷ்ஷில் நிறுத்துகிறார்களா என்று கேள். அப்புறம், உன் வண்டியில் சைலன்சர் வலப்பக்கம், டீசல் டேங்க் இடப்பக்கம். இரண்டாவது குழாய் குறுக்கே கடந்து டேங்க் பக்கம் வர வேண்டும். சூடான குழாய் டேங்க்கை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறது என்று யார் சொல்வதையும் நம்பாமல் நீயே படுத்துப் பார். அறுத்த விளிம்புக்கு அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்துதான் துரு பிடிக்கும்.

பிரபு சித்தப்பா: மச்சான் இன்னும் முடிக்கவில்லை என்று நினைக்கிறேன்

செல்வராஜ் மாமா: முடிக்கவில்லை. குழாய் வாய் மேலே பார்த்து இருந்தால் மழை உள்ளே இறங்கும். ஹூஸ்டன் மழை சாதாரண மழையா? 2017 இல் ஹார்வி புயலின்போது தெருவில் படகு போன வீடியோவை நீதான் அனுப்பினாய். கீழே பெண்டு திரும்பும் இடத்தில் தண்ணீர் தேங்கும். அங்கே 4 மில்லிமீட்டரில் ஒரு சின்னத் துளை போட்டால் வடிந்துவிடும். வாயைச் சாய்த்து வெட்டிப் பின்பக்கம் பார்க்க வைத்தால் ஓடும்போது மழை குறைவாக ஏறும். சூடுதான் பெரிய விஷயம். ரீஜென் ஓடும்போது டிபிஎஃப் உள்ளே 600 டிகிரி போகும். அந்தக் காற்று இப்போது வண்டிக்கு அடியில் போய் வெளியேறுகிறது. நீ அதை லோடு பாடிக்குள் கொண்டுவருகிறாய். நாமக்கல் கேஸ் டேங்கரில் சைலன்சர் எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கிறாயா? முன்னால், பம்பருக்குக் கீழே. லோடும் சூடும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதற்காக. உன் லோடு பிளாஸ்டிக் நாற்காலி. குழாயில் சாய்ந்தால் உருகி ஒட்டிவிடும். ஓட்டை போட்ட தகடு சுற்றி இருந்தாலும் கயிறு கட்டுகிறவன் கை படும்.

அம்மா: அண்ணா காபி குடித்தீர்களா

செல்வராஜ் மாமா: குடித்துவிட்டேன்

பெரியப்பா: நல்ல தகவல் செல்வராஜ்.

காலை 7:31

கார்த்தி: மாமா நீங்கள் சொல்வது எல்லாம் புரிகிறது. எதற்காக இந்த ஆசை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மேஸி டிராக்டர்தான் காரணம். அதன் குழாய் மேலே நெட்டாக நிற்குமே. ராத்திரி டிராக்டரை நிறுத்தியதும், அப்பா புறங்கையால் தொட்டுச் சூடு ஆறிவிட்டதா என்று பார்ப்பார். ஆறிய பிறகு என்னைத் தூக்கிப் பிடிப்பார். நான்தான் குழாய் வாயில் கொட்டாங்குச்சியைக் கவிழ்க்க வேண்டும், மழை இறங்காமல் இருக்க. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொட்டாங்குச்சி டக டகவென்று ஆடிவிட்டு எகிறி விழும். அது எங்கே விழுகிறது என்று பார்த்து எடுத்து வருவதும் என் வேலை. இங்கே பட்டறையில் அந்தக் குழாயைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

அம்மா: கண்ணு

அம்மா: ஒரு கொட்டாங்குச்சி காணாமல் போய்விட்டது என்று அழுதாயே

சுமதி அக்கா: அது கிணற்றில் விழுந்தது. நான்தான் பார்த்தேன்.

செல்வராஜ் மாமா: மாப்பிள்ளை அந்த டிராக்டரைத் துடைக்காமல் ஒரு நாள் தூங்கியதில்லை. டிராக்டருக்குக் குழாய் மேலே இருப்பது வேலைக்காக. வைக்கோல், சோளத்தட்டு நடுவில் போகிற வண்டி, கீழே சூடு விட்டால் பற்றிக்கொள்ளும்.

சுமதி அக்கா: அந்த டிராக்டர் இருந்திருந்தால் இவன் இப்படி ஏங்க மாட்டான். யாரையும் கேட்காமல் விற்றவர்கள்

சுமதி அக்கா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அம்மா: நான் படித்துவிட்டேன் சுமதி

பிரபு சித்தப்பா: நானும் படித்துவிட்டேன். அண்ணன் போன பிறகு பேங்க் தவணை மூன்று நின்றது. அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அதனால்தான் கேட்கவில்லை. 20 வருடமாக எல்லாரும் என்னைத்தான் சொல்கிறீர்கள், சரி.

அம்மா: யாரும் உங்களைச் சொல்லவில்லை பிரபு. சின்னப் பிள்ளை, தெரியாமல் எழுதிவிட்டாள்.

சுமதி அக்கா: தவணை விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் சித்தப்பா

காலை 8:12

பிரபு சித்தப்பா: (படம்)

பிரபு சித்தப்பா: வாங்கியவர் புதுச் சைலன்சர் மாட்டிக்கொண்டு பழையதைக் கழற்றிப் போட்டார். எனக்கு விட்டு வர மனது வரவில்லை. திருப்பூர் வீட்டுப் பரணில் இருக்கிறது. இப்போதுதான் ஏணி போட்டு இறக்கினேன். வாய் ஓரத்தில் கொட்டாங்குச்சி உட்கார்ந்த வட்டம்கூடத் தெரிகிறது.

கார்த்தி: சித்தப்பா

கார்த்தி: அந்த வட்டத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்க

அம்மா: நான் அடுத்த மாதம் பிரசவத்துக்கு வரும்போது பெட்டியில் வைத்து எடுத்து வரட்டுமா

சுமதி அக்கா: அம்மா, ஏற்கெனவே பெட்டி நிறைய. லேகியம், நல்லெண்ணெய், பழைய சேலைத் துணி, உரை மருந்து. 23 கிலோவுக்கு மேல் விட மாட்டார்கள்.

அம்மா: நல்லெண்ணெயைக் குறைக்கலாம்

திவ்யா: நல்லெண்ணெய் இங்கேயும் கிடைக்கும் அத்தை

அம்மா: செக்கில் ஆட்டியது கிடைக்குமா

செல்வராஜ் மாமா: பிரபு, அதை எடை போட்டுச் சொல். 5, 6 கிலோ இருக்கும். கரியைத் தட்டி, சோடா மாவு போட்டுக் கழுவி வெயிலில் காய வை. டீசல் வாசனை கொஞ்சம் இருந்தாலும் விமானத்தில் விட மாட்டார்கள்.

பிரபு சித்தப்பா: சரிங்க மச்சான். நான் கழுவுகிறேன்.

செல்வராஜ் மாமா: கார்த்தி, என் யோசனை இதுதான். லோடு பாடியை அறுக்காதே. தகட்டை அறுத்தால் திரும்ப ஒட்டினாலும் பழைய பாடி வராது, விற்கும்போது விலையும் போகும். குழாய் வேண்டும் என்று மனது கேட்டுக்கொண்டே இருந்தால் டிபிஎஃப்புக்குப் பின்னாலிருந்து மட்டும் எடு, அதுவும் வலப்பக்கம் ஒன்றே ஒன்று. டேங்க் பக்கம் போக வேண்டியதில்லை. உங்கள் மாநிலத்தில் சைலன்சர் விஷயத்தில் என்ன சட்டம் என்று திவ்யாவையே பார்க்கச் சொல்.

திவ்யா: பார்த்துவிட்டேன் மாமா. நல்ல நிலையில் சைலன்சர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது.

கார்த்தி: சரிங்க மாமா. டிபிஎஃப்பில் கை வைக்க மாட்டேன். அது முடிவு. குழாயைப் பற்றி யோசிக்கிறேன். சனிக்கிழமை போகவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அட்வான்ஸ் 200 டாலர் கொடுத்திருக்கிறேன், அதற்கு வேறு தேதி கேட்கிறேன்.

சுமதி அக்கா: வேறு தேதியா, வேண்டாம் என்றா?

கார்த்தி: முதலில் தேதி

திவ்யா: குழந்தை பிறந்த பிறகு பேசலாம்

பெரியப்பா: எல்லாம் நல்லபடியாக நடக்கும். வளைகாப்பு எத்தனை மணிக்கு? நம் நேரம் சொல்லவும்.

சுமதி அக்கா: நமக்கு ஞாயிறு ராத்திரி 8:30 பெரியப்பா. வீடியோவில் பார்க்கலாம். வளையல் கண்ணாடிதானே திவ்யா? கார்த்தி, வாழைமரம் யார் வெட்டுகிறார்கள்?

கார்த்தி: பேர்லேண்டில் நண்பர் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு நிற்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் வெட்டி வருகிறேன்.

செல்வராஜ் மாமா: தார் விட்ட மரமா?

கார்த்தி: ஒன்றில் இருக்கிறது. இன்னொன்றில் பூ மட்டும்.

அம்மா: இரண்டிலும் தார் வேண்டும் கண்ணு. இன்னொரு வீட்டில் கேட்டுப் பார்.

செல்வராஜ் மாமா: அடிமரம் கேபின் பக்கம், இலை பின்பக்கம் வைத்துக் கட்டு. அந்த மூலை காலியாக இருப்பது எவ்வளவு நல்லது என்று அப்போது தெரியும்.